ஓர் எபிசோடும் மீதமுள்ள 2,883-உம்

ஜூன் பிரவுன் என்னும் நடிகையைப் பற்றி எழுதுவோர் ஏறத்தாழ அனைவரும் ஒரு நாளைத் தவறாமல் குறிப்பிடுகின்றனர்: 2008 ஜனவரி 31. அன்றிரவு பிபிசியின் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' நெடுந்தொடரில் அரைமணி நேரம் முழுவதும் அவர் ஒருவரே திரையில் இருந்தார். பிரித்தானிய நெடுந்தொடர் வரலாற்றில் அவ்வாறு ஒருவரே நடித்து ஒளிபரப்பான முதல் எபிசோடு அது. அதன் பயனாக 2009இல் பாஃப்டா அமைப்பு அவரைச் சிறந்த நடிகை விருதுக்குப் பரிந்துரைத்தது. நெடுந்தொடர் நடிகை ஒருவர் அப்பட்டியலில் இடம்பெற்றது 21 ஆண்டுகளுக்குப் பிறகு. அதற்கு முன் 1988இல் 'கோரனேஷன் ஸ்ட்ரீட்' நடிகை ஜீன் அலெக்ஸாண்டர் இடம்பெற்றிருந்தார். விருது இருவருக்குமே கிட்டவில்லை. 1988இல் எம்மா தாம்ப்சனுக்கும் 2009இல் ஆனா மேக்ஸ்வெல் மார்ட்டினுக்கும் அது சென்றது.

நெடுந்தொடர் நடிப்புக்குக் காலந்தாழ்ந்து கிடைத்த மரியாதை என்றே இதைப் பலரும் வாசிக்கின்றனர். எனக்கு அவ்வாசிப்பில் உடன்பாடில்லை. நெடுந்தொடரின் இயல்புகளிலிருந்து மிகவும் விலகி நின்ற எபிசோடு அது. தனிமொழி, ஒரே வீடு, ஒரே பாத்திரம்; ஏறத்தாழ ஓர் ஓரங்க நாடகம். விமரிசகர்களிடம் அதை அளப்பதற்கான கோல் முன்பே இருந்தது, ஆகவே அளந்தார்கள். 1985 முதல் 2020 வரை ஜூன் பிரவுன் அத்தொடரில் தோன்றிய எபிசோடுகள் மொத்தம் 2,884. அவற்றுள் ஒன்றை எடுத்துப் பாராட்டிவிட்டு, மீதமுள்ள 2,883-ஐ அவருடைய பிழைப்பு என்று ஒதுக்கிவைக்கும் மனப்பான்மையைப் பற்றியதே இப்பதிவு. சற்று நீளமானது, நண்பர்கள் பொறுத்தருள்க.

'சோப் ஓபரா' என்ற பெயரே ஓர் ஏளனம். அமெரிக்க வானொலியின் பகல்நேரத் தொடர்களைச் சோப்பு நிறுவனங்கள் விளம்பரத்துக்காக நடத்தின. கேட்டவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்த பெண்கள். பெண்கள் கேட்பது, சோப்பு விற்பது, முடிவின்றி நீள்வது எல்லாம் சேர்ந்து ஒரு வசைச்சொல் பிறந்தது. பிரித்தானியாவில் இவ்வடிவம் வேறு மண்ணில் வேர்பிடித்தது. 1960 டிசம்பர் 9 அன்று கிரானடா நிறுவனம் தொடங்கிய 'கோரனேஷன் ஸ்ட்ரீட்', வடக்கு இங்கிலாந்தின் உழைக்கும் மக்கள் வாழும் ஒரு தெருவைக் களமாகக் கொண்டது. 1985 பிப்ரவரி 19 அன்று தொடங்கிய 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரை ஜூலியா ஸ்மித், டோனி ஹாலண்ட் இருவரும் உருவாக்கினர். கிழக்கு லண்டனில் வால்ஃபோர்ட் என்றொரு கற்பனைப் பகுதி அதற்குக் களமாயிற்று. விளம்பரமே இல்லாத பிபிசியில் ஒரு சோப் ஓபரா. அதன் மறக்கவொண்ணாப் பாத்திரம் வேலை பார்த்ததோ ஒரு சலவை நிலையத்தில். சோப்பு எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது.

ஜூன் பிரவுன் 1927 பிப்ரவரி 16 அன்று சஃபோக் பகுதியிலுள்ள நீடம் மார்க்கெட்டில் பிறந்தவர். போர்க்காலத்தில் கடற்படையின் மகளிர் பிரிவில் பணியாற்றியபின் ஓல்ட் விக் நாடகப் பள்ளியில் பயின்றார். மேடையில் இப்செனின் ஹெடா கேப்ளராகவும் ஷேக்ஸ்பியரின் லேடி மேக்பத்தாகவும் நடித்தவர். முதல் கணவர் 1957இல் தற்கொலை செய்துகொண்டார். மறு ஆண்டு நடிகர் ராபர்ட் ஆர்னால்டை மணந்தார். பிறந்த ஆறு குழந்தைகளில் ஒன்று பச்சிளம் பருவத்திலேயே இறந்தது. தொலைக்காட்சியில் அவ்வப்போது சிறு வேடங்கள் வந்தன. 'கோரனேஷன் ஸ்ட்ரீட்'டில் கொஞ்சம், 'டாக்டர் ஹூ'வில் ஒரு கதை. 'ஈஸ்ட்எண்டர்ஸ்' குழுவில் முன்னரே இருந்த லெஸ்லி கிராந்தம் அவருடைய பெயரைச் சொல்லிவைத்தார். 1985 ஜூலையில், நிக் காட்டன் என்னும் போக்கிரியின் தாயாக, துணைப்பாத்திரமாகவே உள்ளே வந்தார். அப்போது அவருக்கு வயது 58. திரைப்படமும் மேடையும் ஒரு நடிகையைப் பாட்டி வேடத்துக்கு ஒதுக்கி, இரண்டு வசனம் கொடுத்து அனுப்பிவிடும் வயது.

டாட் காட்டன் யார்? சலவை நிலையத்தில் வேலை. விரலிடுக்கில் ஓயாத சிகரெட். நாவில் பைபிள் வசனம். உடம்பில் இருக்கும் நோய்களும் இல்லாத நோய்களும். பிறர் வீட்டுச் செய்திகளில் தீராத ஆர்வம். திருடனும் கொலைகாரனுமான ஒரே மகன்மீது அறிவுக்குப் பொருந்தாத பாசம். தொல்காப்பியர் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களை வகுத்தார். டாட்டுக்கு அவை ஒரு காலைப்பொழுதுக்கே போதா. ஆண்டவனுக்கும் அஞ்சுவாள், அண்டைவீட்டார் வாய்க்கும் அஞ்சுவாள். எய்ட்ஸ் குறித்த செய்திக்கும் அஞ்சுவாள். அஞ்சியவாறே வம்பும் பேசுவாள். முதலில் நகைப்புக்குரிய பாத்திரமாகவே அவள் எழுதப்பட்டாள். ஜூன் பிரவுன் அந்நகைப்பைக் கைவிடவில்லை. அதன் அடியில் அச்சத்தை வைத்தார். அச்சத்தின் அடியில் என்ன இருக்கிறது என்பதை வெளிக்காட்ட முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்.

இந்த 'எடுத்துக்கொள்ளுதல்'தான் என் வாதத்தின் மையம். நடிப்பைப் பற்றிய நம் விமரிசன மொழி 'வீச்சு' என்ற ஒரே சொல்லைச் சுற்றி வருகிறது. இன்று அரசன், நாளை ஆண்டி, மறுநாள் அரக்கன். ஒருவர் எத்தனை பேராக மாறுகிறார் என்பதே திறமையின் அளவு. ஆங்கில நாடகக் குழுக்கள் வாரத்துக்கொரு நாடகம் என்று மேடையேற்றிய காலத்தில் உருவான அளவுகோல் இது. ஜூன் பிரவுனும் ஜீன் அலெக்ஸாண்டரும் அம்மரபில் தேர்ந்தவர்களே. பலராக மாறுவது அவர்களுக்குத் தெரியும். நெடுந்தொடர் அவர்களிடம் கேட்டது அதற்கு நேரெதிரான ஒன்று: மாறாதிரு, ஆனால் முதுமை அடை. ஒரே ஆளாக இருந்துகொண்டே காலம் தன்மீது படிவதை அனுமதி. இதற்கு நம்மிடம் விமரிசனச் சொல்லே இல்லை. சொல் இல்லாததால் கலையும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டோம்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டில் டாட்டின் முதிய தோழி எத்தல் புற்றுநோயால் துன்புறுகிறாள். அப்பாத்திரத்தில் நடித்த கிரெச்சன் ஃபிராங்க்ளினுக்கு அப்போதே ஏறத்தாழ 90 வயது. தான் சாவதற்கு உதவ வேண்டும் என்று எத்தல் டாட்டிடம் கேட்கிறாள். உயிரை எடுக்கும் உரிமை ஆண்டவனுக்கே என்று வாழ்நாள் முழுதும் நம்பியவளிடம் கேட்கப்படும் கேள்வி அது. டாட் மறுக்கிறாள், மன்றாடுகிறாள், இறுதியில் உதவுகிறாள். பிறகு தண்டனைக்காகத் தவிக்கிறாள். கருணைக்கொலையைப் பற்றி அந்நாட்டில் எழுதப்பட்ட நல்ல நாடகங்கள் பல இருக்கலாம். ஆனால் அவற்றைப் பார்க்கும் ஒருவர், மேடையில் நிற்கும் பெண் இறைநம்பிக்கை உடையவள் என்பதை முதல் காட்சியில் ஒரு தகவலாகத்தான் பெறுவார். இங்கோ, அவளுடைய நம்பிக்கையைப் பார்வையாளர்கள் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கின்றனர். அதைக் கேலிசெய்து சிரித்துமிருக்கின்றனர். தாம் சிரித்த அந்த நம்பிக்கையே இப்போது ஒருத்தியைக் கூறுபோடுவதை அவர்கள் காண நேர்கிறது.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2015 பிப்ரவரியில், தொடரின் முப்பதாம் ஆண்டு நிறைவையொட்டிய எபிசோடுகளில் மகன் நிக் அவள் கைகளில் இறக்கிறான். ஹெராயின் உட்கொண்டு சாய்ந்தவனுக்கு அவள் மருத்துவ உதவியை அழைக்கவில்லை. ஆண்டவன் முடிவெடுக்கட்டும் என்று விட்டுவிடுகிறாள். அதற்காகப் பின்னர் சிறை செல்கிறாள். 1990இல் இதே மகன் தாயின் பணத்துக்காக அவளுக்குச் சிறுகச் சிறுக நஞ்சு கொடுத்தவன். ஒரே பெண், ஒரே இறைவன், இரு படுக்கைகள். ஒன்றில் அவளே கை கொடுத்தாள், மற்றொன்றில் கையை விலக்கிக்கொண்டாள். இரண்டுக்கும் இடைப்பட்ட 15 ஆண்டுகளைப் பார்வையாளர்களும் உடன் வாழ்ந்திருந்தனர். 73 வயதில் எத்தலின் அருகில் அமர்ந்த அதே நடிகை, 88 வயதைத் தொட்ட அதே வாரத்தில் மகனின் அருகில் அமர்ந்திருக்கிறார். ஒப்பனையால் இதைச் செய்ய இயலாது. திரைப்படமும் புதினமும் காலத்தைச் சொல்லத்தான் முடியும். நெடுந்தொடர் நடிகை காலத்தைச் செலுத்துகிறாள், கடனைப்போல, தவணை தவணையாக.

இன்னொன்றும் உண்டு. இத்தொடர்களில் எழுத்தாளர்கள் மாறுகின்றனர், இயக்குநர்கள் மாறுகின்றனர், தயாரிப்பாளர் மாறும்போது தொடரின் போக்கே மாறுகிறது. வாரம் இருமுறை தொடங்கிய 'ஈஸ்ட்எண்டர்ஸ்' 2001 முதல் வாரம் நான்கு முறை ஒளிபரப்பாயிற்று. காட்சிகள் வரிசை மாற்றிப் படமாக்கப்படும், ஒத்திகைக்கு நேரம் இராது. இச்சந்தடியில் ஒரு பாத்திரம் யார் என்பதை முழுமையாக அறிந்தவர் ஒருவரே: அதை நடிப்பவர். ஜூன் பிரவுன் தம் வசனங்கள் குறித்து எழுத்தாளர்களோடு வாதிடத் தயங்காதவர் என்று பெயர் பெற்றவர். சிலர் அதை முதுமையின் பிடிவாதம் என்று சிரித்தனர். நான் அதை ஆவணக் காப்பாளரின் கடமை என்பேன். சலவை நிலையத்தில் டாட்டோடு வேலை பார்க்கும் பாலின் ஃபௌலராக 1985 முதல் நடித்த வெண்டி ரிச்சர்ட், தம் பாத்திரத்துக்கு மறுமணம் செய்துவைக்கும் கதையைப் பாலினுக்குப் பொருந்தாதது என்று எதிர்த்தார். 2006இல் தொடரைவிட்டே விலகினார். பாத்திரத்தைக் காப்பதற்காக வேலையை இழக்க ஒருவர் துணிந்தார் என்றால் அதற்குப் பெயர் பிழைப்பா? நம் தொடர்களில் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஓர் அட்டையைக் காட்டி அடுத்த காட்சிக்குப் போய்விடும் வழக்கத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த உறவு எளிதில் விளங்காதுதான்.

ஜீன் அலெக்ஸாண்டரையும் இங்கே நினைவுகூர வேண்டும். லிவர்பூலில் பிறந்து, நூலகத்தில் பணியாற்றி, நாடகக் குழுக்களில் தேர்ந்து, 1964இல் 'கோரனேஷன் ஸ்ட்ரீட்'டில் ஹில்டா ஆக்டனாக வந்தவர். தலையில் சுருள் உருளைகளோடு மதுக்கூடத்தைத் துடைத்துப் பெருக்கும் பெண். தெருவே நகைக்கும் வாயாடி. அவளுடைய கணவன் ஸ்டானாக நடித்த பெர்னார்ட் யூவன்ஸ் 1984இல் காலமானார். கதையிலும் ஸ்டான் இறந்தான். மருத்துவமனையிலிருந்து வந்த பொட்டலத்தை ஹில்டா பிரிக்கிறாள். உள்ளே அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கூடு. அதைக் கையில் வைத்துக்கொண்டு உடைந்து அழுகிறாள். கதைப்படி அவ்வளவே. இருபது ஆண்டுகள் அக்கணவனைத் திட்டித் தீர்த்தவளின் அழுகை அது என்பதும், இருபது ஆண்டுகள் உடன் நடித்த சகநடிகர் உண்மையிலேயே இல்லை என்பதும் பார்த்த அனைவருக்கும் தெரியும். அக்காட்சியை இன்று தனியே பார்ப்பவர் ஒரு முதிய பெண் அழுவதைப் பார்ப்பார். அன்று பார்த்தவர்கள் ஒரு திருமணத்தையே பார்த்தார்கள். 1987 கிறிஸ்துமஸ் அன்று ஹில்டா விடைபெற்றபோது அதைக் கண்டவர்கள் 2 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர்.

இப்போது 2008 ஜனவரி 31-க்குத் திரும்புவோம். டோனி ஜோர்டன் எழுதிய அந்த எபிசோட்டில், பக்கவாதத்தால் மருத்துவமனையில் கிடக்கும் கணவன் ஜிம்முக்காக டாட் ஒரு ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமர்ந்து பேசுகிறாள். ஜிம்மாக நடித்த ஜான் பார்டனும் 2007இல் பக்கவாதத்தால் தாக்குண்டவரே. அவனை வீட்டுக்கு அழைத்துவந்து பேண முடியுமா என்ற அச்சம். அச்சத்தை ஒப்புக்கொள்ள வெட்கம். இடையிடையே தேநீர், சிகரெட், பழைய நினைவுகள். ஜூன் பிரவுனின் கணவர் ராபர்ட் ஆர்னால்ட் மூளைத்தேய்வு நோயால் 2003இல் மறைந்தவர் என்பதைச் சுட்டி, சொந்தத் துயரத்தையே அவர் நடித்தார் என்று எழுதுவோர் உண்டு. பெண் நன்றாக நடித்தால் அவள் வாழ்க்கையைத் தேடிப்போவதும் ஆண் நன்றாக நடித்தால் அவன் பயிற்சியைத் தேடிப்போவதும் நம் பழக்கம். அரங்கில் எவரும் இல்லாத அந்த அரைமணி நேரத்தில் எதிர்வினை தருவது எது என்று கவனியுங்கள். அவள் 'சார்லி' என்றால் பார்வையாளருக்கு முதல் கணவனின் முகம் தெரிகிறது. 'நிக்' என்றால் நஞ்சு நினைவுக்கு வருகிறது. முந்தைய 22 ஆண்டுகளே அவளுடைய சகநடிகர்கள். தனிநடிப்பு என்று பாராட்டப்பட்ட எபிசோட்டில் மீதமுள்ள அத்தனை எபிசோடுகளும் கண்ணுக்குத் தெரியாமல் நடித்திருக்கின்றன. பாஃப்டா நடுவர்கள் கண்டது தெரிந்த பாதியை மட்டுமே.

இங்கே என் சொந்தக் குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நெடுந்தொடர் நடிப்பை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் விருப்பத்தை ஒரு கருத்தரங்கில் நான் முன்வைத்தபோது, மூத்த பேராசிரியர் ஒருவர் புன்னகையோடு, இதற்கு எங்கள் வீட்டு அம்மாவே நெறியாளராக இருக்கலாமே என்றார். அரங்கு சிரித்தது. அவர் சொன்னதை நகைச்சுவையாக அன்றி முறையியல் குறிப்பாகவே நான் குறித்துக்கொண்டேன். இருபது ஆண்டு நினைவோடு பார்க்கும் ஒருவரிடம் உள்ள சான்று, ஐந்து எபிசோடுகளை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டுக் கட்டுரை எழுதும் ஆய்வாளரிடம் இல்லை. ஷேக்ஸ்பியர் ஆய்வாளர் பிரதிகளை முழுதாக வாசிக்காமல் பேசினால் விடமாட்டோம். நெடுந்தொடரை முழுதாகப் பார்க்காமல் பேசுவதோ தகுதியாகவே கருதப்படுகிறது. 'நான் அதெல்லாம் பார்ப்பதில்லை' என்பது ஒரு பட்டம்போல் சொல்லப்படுகிறது.

இவ்வடிவத்தை நான் புனிதப்படுத்தவில்லை. அபத்தங்களுக்கு அங்கே பஞ்சமில்லை. 1989இல் சுடப்பட்டுக் கால்வாயில் விழுந்த டென் வாட்ஸ் 2003இல் உயிரோடு திரும்பி வந்தான். நிக் காட்டனுக்கே 2014இல் ஒரு பொய்ச்சாவு நடந்தது. தாய் அழுது முடித்த பிறகு மகன் வந்து நின்றான். பார்வையாளர் எண்ணிக்கை சரியும்போதெல்லாம் தீவிபத்தும் வாகன விபத்தும் தவறாமல் நேர்கின்றன. நல்ல நடிகர்களை மாதக்கணக்கில் செய்வதற்கு ஏதுமின்றிப் பின்னணியில் நிறுத்தி வைப்பதும் உண்டு. ஜூன் பிரவுனே 1993இல் விலகி 1997இல்தான் திரும்பினார். ஆனால் மோசமான கதையை எழுதியவர்களின் பிழையை அதை நடித்தவரின் கணக்கில் எழுதுவது முறையன்று. பொய்ச்சாவுக்கு அழுத தாயின் அழுகையில் பொய் இல்லை. எழுத்து கைவிட்ட இடத்தில் பாத்திரத்தை நிறுத்திவைப்பது எளிய வேலையென்று கருதுவோர், ஒரே ஒரு வாரம் டாட்டைப் பின்தொடர்ந்து பார்க்கட்டும். அந்த மேலங்கியின் பொத்தானைத் திருகும் விரலை மட்டும் பார்த்தால்கூடப் போதும்.

உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த, அழகி அல்லாத, முதிய பெண் ஒருத்தி வாரந்தோறும் ஒரு நாட்டின் வரவேற்பறைக்குள் வந்து தன் வாடகையையும் நெஞ்சுவலியையும் மரணபயத்தையும் பேசிக்கொண்டிருந்தாள். அவள் பேச்சுக்கு இத்தனை ஆண்டுகள் இடம் தந்த வடிவம் வேறு எது? உயர்கலைகள் என நாம் போற்றுபவற்றில் அத்தகையவள் கதவைத் திறந்துவிட்டு, தேநீர் வைத்துவிட்டு, மறைந்துவிடுகிறாள். ஹெடா கேப்ளராக நடித்தவரின் வீழ்ச்சி என்று டாட்டைச் சொல்வோரிடம் நான் கேட்பது இதுவே: ஹெடாவுக்கு 60 வயதானால் அவளுக்கு யார் நாடகம் எழுதியிருப்பார்கள்? ஹெடா சுட்டுக்கொண்டு இறந்தாள். அது நாடகத்துக்கு வசதியாயிற்று. டாட் உயிரோடிருந்தாள்.

ஜூன் பிரவுனின் பார்வை கடைசி ஆண்டுகளில் மிகவும் மங்கியது. எதிரில் நிற்பவர் முகமே சரியாகத் தெரியாத நிலையிலும் நடித்தார். 2020 ஜனவரியில், 93 வயதை எட்டச் சில வாரங்கள் இருக்கையில், கடைசியாகத் திரையில் தோன்றினார். டாட் அயர்லாந்துக்குப் போய்விட்டதாகக் கதை சொல்லிற்று. 2022 புத்தாண்டுப் பட்டியலில் ஓபிஇ விருது வந்தது. ஏப்ரல் 3 அன்று, 95ஆம் வயதில், ஜூன் பிரவுன் காலமானார். டாட் காட்டன் சாகவில்லை. நடிகை இறந்தபின் எட்டு மாதங்கள் அவள் அயர்லாந்தில் எங்கோ தேநீர் குடித்துக்கொண்டு, புகைத்துக்கொண்டு, யாரையோ குறைசொல்லிக்கொண்டு இருந்தாள். வால்ஃபோர்ட்வாசிகளுக்கு அவ்வளவுதான் தெரியும். அந்த டிசம்பரில்தான் இறப்புச் செய்தி அவர்களுக்கு எட்டிற்று. பல ஆண்டுகளுக்கு முன் தொடரைவிட்டுப் போனவர்களும் அவளை அடக்கம் செய்யத் திரும்பி வந்தார்கள்.